காருசோ தட்டு கிடைச்சா லட்சாதிபதியா? – பழைய றெக்கோட் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய ஓபரா றெக்கோட் தேடுறதைப் பத்தி சும்மா நாலு வரிதான் எழுதினன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கல்ல. ஓபரா எண்டா என்ன எண்டும் ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தாங்க. கதை முழுக்கப் பாட்டாலயே போற ஐரோப்பிய மேடை நாடகம் அது, பின்னால பெரிய வாத்தியக் குழு, மைக் கிடையாது, பாடுறவர் தொண்டையாலயே மண்டபத்தை நிரப்பணும். நம்மட கூத்துக் களரியில விடிய விடிய நிண்டு பாடுற ஆக்களைப் பாத்தவங்களுக்கு இது பெரிய புதினமா இருக்காது. சரி, கேள்விக்கு வருவம்.

அண்ணே, பழைய இரும்பு எடுக்கிறவர்ட்ட ஒரு சாக்கோட றெக்கோட் வாங்கினன். அதுல ஒண்டில நாய்ப்படம் போட்டு காருசோ எண்டு இருக்கு. இது லட்சக்கணக்கில போகும், ஆருக்கும் காட்டாத எண்டு கூட்டாளி சொல்றான். மெய்யா?
– வாசகர், கல்லடி

கூட்டாளிக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுத்து ஆறுதலா இருக்கச் சொல்லுங்க தம்பி. என்ரிக்கோ காருசோ ஓபராப் பாடகர், 1873ல இத்தாலியில நேப்பிள்ஸ்ல பிறந்த ஆள். 1902 ஏப்ரல் 11ம் திகதி மிலான்ல ஒரு ஹோட்டல் அறையில கிராமபோன் கம்பனிட ஆள் பிரெட் கைஸ்பர்க் எண்டவர் குழல் பூட்டின மெசினை வச்சு இவர்ட பத்துப் பாட்டைப் பதிஞ்சார், சம்பளம் 100 பவுண். (அதே கைஸ்பர்க்தான் அதே வருசம் நவம்பர்ல கல்கத்தாவுக்கு வந்து இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிஞ்சவர்.) அங்க இருந்து 1921ல சாகு மட்டும் காருசோ தட்டுத் தட்டாப் பாடித் தள்ளினார், உலகம் முழுக்க வாங்கித் தள்ளினாங்க. அவ்வளவு வித்த சாமான் அரிதா இருக்க வழியில்ல. ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் இண்டைக்கும் சாதாரண காருசோ தட்டு சும்மா விலைக்குப் போகுது.

ஆனா தூக்கி வீசாதீங்க, நான் சொல்றதை முதல் பாருங்க. லேபல்ல நாய் இருக்கா, சிறகு வச்ச தேவதை இருக்கா? கிராமபோன் கம்பனி ஐரோப்பாவில முதல் போட்டது தேவதைப் படம், 1909 அளவிலதான் நாய் லேபலுக்கு வந்தது (அதுதான் ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ், சுருக்கமா எச்எம்வி). லேபல்ல ‘கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்’ எண்டு இருந்தா இன்னும் பழசு, ஏனெண்டா அந்தப் பேர் 1907 வரைக்கும்தான் இருந்தது. கொஞ்சக் காலம் கம்பனி டைப்ரைட்டரும் வித்தது, அதால வந்த பேர். மறுகா தட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க, வெறும் மழமழ எண்டு பாட்டே இல்லாம இருந்தா ஒருபக்கத் தட்டு. பெரிய பாடகர்மார்ட தட்டை 1920கள்ட தொடக்கம் வரைக்கும் அப்பிடி ஒரு பக்கத்திலதான் வித்தாங்க, விலையும் கூட. இதுல ஒரு சூது இருக்கு: 1902ல பதிஞ்ச பாட்டையே பிறகு நாய் லேபல் போட்டு வருசக்கணக்கா அச்சடிச்சாங்க, அதால பாட்டு பழசா இருந்தாலும் கையில இருக்கிற தட்டு புதுசா இருக்கலாம். இதுக்கு மேல 1930கள்ல காருசோட பழைய குரலுக்குப் பின்னால புது ஓர்கெஸ்ட்ராவை ஒட்டியும் தட்டு வந்தது, செத்த மனிசனுக்குப் புதுசா வாத்தியம் வாசிச்சாங்க. அதைச் சேகரிக்கிறாக்கள் கணக்கில எடுக்கிறதில்ல.

அப்ப எதுக்குத்தான் மவுசு? காருசோட 1903ம் வருசத்து சோனோபோன் கம்பனித் தட்டுகள். அடெலினா பாட்டி எண்ட பெரிய பாடகி 1905ல, அறுபது வயசும் தாண்டின பிறகு, வேல்ஸில தன்ட சொந்த மாளிகையில பாடிப் பதிஞ்ச தட்டுகள், அவக்கெண்டே றோஸ் நிற லேபல் போட்டாங்க. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டிட ஒதெல்லோ ஓபராவில 1887ல முதல் முதல் ஒதெல்லோவா நிண்ட தமான்யோ 1903ல பதிஞ்சது. இப்பிடி மேடையில நாடகத்தைத் தொடக்கி வச்ச ஆக்கள்ட குரல், அதுவும் முதல் அச்சு, அதுவும் கீறல் இல்லாம. நாய்க்காகக் காசு தாறவர் ஒருத்தரும் இல்ல. நாய் போட்ட தட்டு கல்கத்தா டம்டம் பக்டரியில அச்சாகி தமிழ்ப் பாட்டோட நம்மட ஊருக்கும் வந்துதானே கிடக்கு.

நான் காத்தான்குடி. ஓபரா றெக்கோட் தேட ஆசை. நம்மட மட்டக்களப்பில இதெல்லாம் கிடைக்குமா, எந்தக் கடைக்குப் போகணும் சேர்?
– வாசகர், காத்தான்குடி

கடையை விடுங்க தம்பி, முதல் ஆர் வீட்டில இது இருந்திருக்கும் எண்டு யோசிங்க. 1928ல ரயில் வந்த ஊர் இது, அதுக்கு முதலே கோட்டைக்குள்ள கச்சேரியில, அரசாங்கக் கந்தோர்ல, இருந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர்மார், மிசன் பங்களாக்கள், அதுக்குப் பிறகு மைக்கல் கல்லூரிக்கு வந்த அமெரிக்க யேசு சபைச் சாமிமார், அதோட நம்மட பறங்கி ஆக்கள் (போர்த்துக்கீச, ஒல்லாந்த வம்சம்). பியானோவோ வயலினோ இருந்த வீடு எண்டா மேற்கத்திய தட்டும் இருக்க இடமிருக்கு. அந்த வீடுகள் கனக்க இப்ப இல்ல. 1978 நவம்பர் சூறாவளி கூரையைக் கொண்டு போனது, 2004ல சுனாமி டச்பார் பக்கம் வீட்டையும் ஆக்களையுமே கொண்டு போனது, இடையில சண்டை, ஒஸ்ரேலியாவுக்குப் போன பறங்கிக் குடும்பங்கள் எவ்வளவு. அதால மிஞ்சினது எங்க எண்டா, போறவங்க ‘இதை வச்சிருங்க’ எண்டு குடுத்திட்டுப் போன பக்கத்து வீட்டில, வேலைக்கு நிண்டவங்க வீட்டில, இல்லாட்டி சாமானை மொத்தமா எடுத்த ஆள்ட கொட்டில்ல.

கடை எண்டு கேட்டா நான் நாலு சாதிக் கடைக்குள்ள தலையைப் போடுவன். பழைய தளபாடம் திருத்திப் பொலிஷ் பண்றவர் (கிராமபோன் கபினெட்டைக் குடிச்சாமான் வைக்கிற அலுமாரியா மாத்தச் சொல்லிக் குடுப்பாங்க, தட்டு அடித்தட்டிலயே கிடக்கும்), ரேடியோ திருத்துற பழைய ஆக்கள், பழைய புத்தகம் எடுக்கிறவர், கடைசியா இரும்புக்கடை. கடைசிதான் மோசம், அங்க பலகைக்குக் கீழ கிடந்து முக்கால்வாசி நொறுங்கியிருக்கும். அம்பாறைப் பக்கம் ஒரு யோசனை இருக்கு: 1949ல இங்கினியாகலையில கல்லோயா அணை கட்ட அமெரிக்காவில இருந்து மொரிசன் நூட்சன் கம்பனி வந்தது, வெளிநாட்டு இஞ்சினியர்மார் குடும்பத்தோட இருந்த இடம். அந்தப் பக்கம் பழைய குவாட்டர்ஸ் சாமான் ஆராச்சும் விக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டா நான் பஸ் ஏறிருவன்.

கேக்கிறதிலயும் ஒரு விதம் இருக்கு. ‘ஓபரா இருக்கா’ எண்டு கேட்டா கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பாப்பார். ‘பழைய கறுத்தத் தட்டு இருக்கா, பாட்டுப்பெட்டித் தட்டு’ எண்டு கேளுங்க. அதோட மொத்தமான போட்டோ ஆல்பம் மாதிரிப் புத்தகம் கிடந்தா திறந்து பாருங்க, உள்ளுக்குக் கடதாசி உறை உறையா தட்டு இருக்கும். ஒரு பக்கத்தில மூணு நாலு நிமிசம்தான் அடங்கும், முழு ஓபரா ரெண்டு மூணு மணித்தியாலம், அப்ப எத்தனை தட்டு வேணும் எண்டு கணக்குப் போடுங்க. 1903ல வெர்டிட எர்னானியை முழுசாப் பதிஞ்சப்ப ஒருபக்கத் தட்டு 40 வந்தது. அப்பிடியான செட்டில நல்லது நாலை மட்டும் தாங்க எண்டு பிச்சு எடுக்காதீங்க, எடுத்தா முழுசா எடுங்க, இல்லாட்டி விட்டிட்டு வாங்க.

ஒண்டு மட்டும் சொல்றன். வயசான அம்மா ஒருத்தர் கஷ்டத்துக்கு விக்கிறா, உங்களுக்கு அதுட பெறுமதி தெரியும், அவக்குத் தெரியா எண்டா ஒரு நியாயமான காசைக் குடுத்திட்டு வாங்க. கெட்டித்தனமா வாங்கினன் எண்டு பிறகு கடையில இருந்து கதைக்கிறது எனக்குப் பிடிக்காது.

கடையில பிளேயர் இல்ல. போட்டுக் கேக்காம நல்ல தட்டு எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?
– வாசகர், கல்முனை

போட்டுக் கேக்கவே வேணாம். அதுவும் கடைக்காரர் தன்ட துருப்பிடிச்ச ஊசியால போட்டுக் காட்டுறன் எண்டா ஓடிப் போய் மறிங்க, அந்த ஒரு தடவையிலயே தட்டு போயிரும்.

தட்டை வாசலடிக்குக் கொண்டு வாங்க. விளிம்பைத்தான் பிடிக்கணும், பாட்டு இருக்கிற இடத்தில விரல் படக்கூடாது. வெயில் பக்கவாட்டா விழுற மாதிரிச் சரிச்சுப் பிடிச்சு மெதுவாத் திருப்புங்க. நல்ல தட்டு எண்டா வரி வரியாக் கறுப்பா மினுங்கும், வெளிச்சம் ஒரே மாதிரி ஓடி வரும். தேஞ்ச தட்டில சாம்பல் பூத்தாப்போல வளையம் வளையமாத் தெரியும், ஓபரா தட்டில அது எங்க தெரியும் எண்டா பாட்டு முடியிற பக்கம், லேபலுக்குக் கிட்ட. பாடகர் கடைசியிலதான் குரலை உச்சத்துக்குக் கொண்டு போவார், அந்த இடத்தில வரி ஆகக் கூட ஆடும், பழைய இரும்பு ஊசி நூறு கிராமுக்கு மேல பாரத்தோட அதுக்குள்ள உழுதிருக்கும். அந்தச் சாம்பலை எந்தத் தண்ணி போட்டுக் கழுவினாலும் எடுக்க ஏலாது, வரி அரைபட்டுப் போச்சு. மத்தது தூசி, அழுக்கு, அதுக்குப் பயப்பட வேணாம்.

மறுகா நடு ஓட்டைக்குள்ள ஒரு விரலைக் கொடுத்துத் தட்டைத் தொங்க விட்டு மற்றக் கை விரல் மொளியால விளிம்பில மெல்லத் தட்டுங்க. ‘ணங்’ எண்டு வந்தா முழுசு. ‘டப்’ எண்டு செத்த சத்தம் வந்தா எங்கயோ மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, நகத்தால விளிம்பைத் தடவிப் பாத்தா நகம் ஒரு இடத்தில தட்டும். ஓட்டையைச் சுத்தி லேபல்ல கீறல் எவ்வளவு எண்டும் பாருங்க, கனக்கக் கீறல் இருந்தா கண்ணை மூடிக்கொண்டு கனதரம் மெசினில போட்ட தட்டு.

லேபலுக்கும் பாட்டு வரிக்கும் இடையில வெறுமனே இருக்கிற வட்டத்தில நம்பர் வெட்டியிருக்கும். போன் லைட்டைப் பிடிச்சு வாசிங்க. ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ் தட்டில நம்பருக்குப் பின்னால குட்டி முக்கோணம் ஒண்டு இருந்தா மைக் வச்சு மின்சாரத்தால பதிஞ்சது, 1925க்குப் பிந்தினது. அமெரிக்க விக்டர் தட்டு எண்டா முட்டை வட்டத்துக்குள்ள ரெண்டு இங்கிலிஸ் எழுத்து, வீ, ஈ. இது ஒண்டும் இல்லாட்டி குழலுக்குள்ள தலையை விட்டுப் பாடின காலமா இருக்கலாம். கடைக்காரர் ‘நூறு வருசம் பழசு சேர்’ எண்டு சொல்லும்போது இதைப் பாத்தாப் போதும், விலை தானா இறங்கும்.

ஐயா, அம்மப்பாட அலுமாரியில இருந்த தட்டெல்லாம் வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாப் போகும் எண்டு ஒருத்தர் சொன்னார். செய்யட்டா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

செய்யாதீங்க பிள்ள! ஸ்பிரிட்டும் வேணாம், ஓடிக்கொலோனும் வேணாம், தின்னரும் வேணாம். அந்தக் கனத்த, விழுந்தா உடையிற தட்டு அரக்கால செஞ்சது. மரத்தில பூச்சி வைக்கிற அரக்கையும் கல்லுத் தூளையும் கரியையும் சேர்த்துச் சூட்டில அமத்தி எடுக்கிறது. அரக்கு ஸ்பிரிட்டில கரையும், பொலிஷ் பண்ற ஆக்களைக் கேட்டாத் தெரியும், அவங்க வேணுமெண்டே அப்பிடிக் கரைச்சுத்தான் அலுமாரிக்குப் பூசுறாங்க. நீங்க துடைக்கத் துடைக்கப் பாட்டே துணியில வந்திரும்.

வாயை மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு வளவுக்குக் கொண்டு போய் மெல்லிய பிரஷ்சால தூசியைத் தட்டுங்க, வீட்டுக்குள்ள வச்சுத் தட்டினா பூஞ்சணம் புத்தகத்துக்கும் உடுப்புக்கும் போகும். மறுகா காய்ச்சி வடிச்ச தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு, ஒரு சொட்டுத்தான், மெல்லிய பருத்தித் துணியை நனைச்சுப் பிழிஞ்சு வரி ஓடுற பக்கமாவே வட்டமாத் துடைங்க, குறுக்க இழுக்கக் கூடாது. லேபல்ல ஈரம் படவே கூடாது, பட்டா மை பரவும், லேபல் போனா தட்டுட பிறப்புப் பத்திரமே போன கணக்கு. பிறகு வெறும் தண்ணித் துணியால ஒருக்கா, காஞ்ச துவாயால ஒருக்கா, நிழல்ல நிமித்தி வச்சு ஃபேனைப் போடுங்க. வெயில்ல வச்சா வளைஞ்சு போகும். ஊறப்போடுற வேலையும் வேணாம்.

இதெல்லாம் அரக்குத் தட்டுக்கு. இளக்கமா வளையிற பிளாஸ்டிக் தட்டு வேற சாதி.

பூஞ்சணம் பிடிச்ச கடதாசி உறையை எறிங்க, ஆனா எறிய முதல் பாருங்க, வித்த கடைட ரப்பர் சீல் இருந்தா ஒரு போட்டோ எடுத்து வைங்க, தட்டு எந்த ஊர்ல வாங்கினது எண்டதுக்கு அது ஒண்டுதான் சாட்சி. புது உறை போட்டு நிமித்தி அடுக்குங்க, படுக்கப் போட்டு அடுக்கினா கீழ் தட்டு வெடிக்கும். பொலித்தீன்ல இறுக்கிக் கட்டாதீங்க, நம்மட வாவிக்கரைக் காத்துக்கு உள்ளுக்கு வேர்த்துப் போய்த் திரும்ப அதே கதைதான்.

புதுசா ஒரு சூட்கேஸ் பிளேயர் வாங்கினன். 78 எண்டு சுவிச்சும் இருக்கு. பழைய ஓபரா தட்டைப் போடலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

78 எண்டது பழைய தட்டு நிமிசத்துக்குச் சுத்துற கணக்கு. சுவிச் இருந்தாப் போதாது, ஊசியைப் பாருங்க. பழைய தட்டுட வரி அகலம், எல்பி எண்ட பிறகு வந்த பிளாஸ்டிக் தட்டுட வரி சரியான ஒடுக்கம். எல்பி ஊசி பழைய வரிக்குள்ள அடியில போய்க் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும், சத்தம் சர் எண்டு வரும், நீங்க தட்டைக் குறை சொல்லுவீங்க. 78க்கு எண்டு தனி ஊசி விக்கிறாங்க, எல்பி ஊசியை விட மூணு நாலு மடங்கு மொத்தம், நல்ல பிளேயர் எண்டா மாத்திப் பூட்டலாம். சாவி குடுக்கிற பழைய கிராமபோன்ல போடப்போறீங்க எண்டா இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒண்டு, பிறகு எறியணும். மிச்சம் பிடிக்கிறன் எண்டு அதே ஊசியால பத்துப் பாட்டுப் போட்டவங்களாலதான் நான் மேல சொன்ன சாம்பல் வளையம் வந்தது.

இன்னொண்டு, 1925க்கு முந்தின தட்டு எல்லாம் 78லதான் சுத்தணும் எண்டில்ல. சிலது 70 கிட்ட, சிலது 80க்கு மேல. காருசோ குரல் சின்னப் பெடியன்ட குரல் மாதிரிக் கீச்சிட்டா தட்டு பழுதில்ல, வேகத்தைக் கொஞ்சம் குறைங்க.

எங்கட வளவில கிடக்கிறது ஓபரா இல்ல, தமிழ் நாடகப் பாட்டு. கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள். இதுக்கும் மதிப்பு இருக்கா, இல்ல வெறும் பழசா?
– வாசகர், காரைதீவு

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் எழுதலாம் ஐயா.

எஸ்.ஜி.கிட்டப்பா 1906ல செங்கோட்டையில பிறந்து 1933ல, முப்பது வயசு ஆக முதலே போனவர். மைக் இல்லாத மேடையில ஆகக் கடைசி வரிசைக்கும் கேக்கப் பாடின ஆள். படத்தில வரல்ல. அப்ப அவர் எப்பிடிப் பாடினார் எண்டு கேக்கிறதுக்கு மிஞ்சியிருக்கிறது இந்தக் கறுத்தத் தட்டு மட்டும்தான். அவரும் சுந்தராம்பாளும் சந்திச்சதே கொழும்பில நாடகம் போட வந்த இடத்தில. அப்ப இலங்கையில அவங்கட தட்டு வாங்கின வீடு எவ்வளவு இருந்திருக்கும் எண்டு நீங்களே யோசிங்க. நாடகத்தை முழுசா, வசனமும் பாட்டுமா, செட்டாவும் போட்டாங்க, கோவலன், நந்தனார், வள்ளி திருமணம் எண்டு. ஊர்ல ஒரு வீட்டில பெட்டி இருந்தா விறாந்தையில தெருவே கூடி இருந்து கேக்கும் எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுவாங்க.

காசுக் கணக்குக் கேட்டா லண்டன்ல காருசோ வாங்குற ஆள் இதை வாங்க மாட்டார். ஆனா என்னட்டக் கேட்டா காருசோவையும் கிட்டப்பாவையும் ஒரே சாக்குக்குள்ள கண்டா முதல் கிட்டப்பாவைத்தான் நெஞ்சோட அணைச்சு எடுப்பன். காருசோ பாடினதை உலகம் ஒண்டு விடாமச் சீடி போட்டுக் காப்பாத்தி வச்சிருக்கு, உங்கட தட்டு உடைஞ்சா அவருக்கு ஒரு நட்டமும் இல்ல. தமிழ்த் தட்டில இன்னும் எது எங்க கிடக்கு எண்டு ஒழுங்கான கணக்கே இல்லாத நிலைமை. உங்கட செட்டில இருக்கிற ஒண்டு உலகத்தில மிஞ்சின கடைசித் தட்டாவும் இருக்கலாம். உடைஞ்சிருந்தாலும் துண்டை எறியாதீங்க, லேபலைப் படம் எடுங்க, நம்பரை எழுதி வைங்க, நல்ல ஊசி இருக்கிற ஆரையும் பிடிச்சு ஒருக்கா கம்பியூட்டர்ல ஏத்துங்க. விக்கிறதைப் பத்தி அதுக்குப் பிறகு யோசிக்கலாம்.

இலங்கையை வச்சு ஓபரா இருக்கு எண்டு கேள்விப்பட்டன், உண்மையா? அதுட தட்டு கிடைக்குமா?
– வாசகி, கோட்டைமுனை

ஓம், இருக்கு. பிரான்ஸ்காரர் பிசே, கார்மென் எழுதின அதே ஆள், 24 வயசில எழுதினது, பேர் முத்துக் குளிப்பவர்கள். 1863 செப்டம்பர்ல பரிசில மேடை ஏறினது, கதை நடக்கிற இடம் பழைய காலத்து இலங்கைக் கடற்கரை. நதீர், சுர்கா எண்டு ரெண்டு கூட்டாளிமார், லைலா எண்டு ஒரு பூசாரிப் பொம்பிளை. இந்தப் பேரில ஆரும் முத்துக் குளிக்கப் போனதா மன்னார்ப் பக்கம் ஆருக்கும் தெரியாது, பிசேயும் இஞ்ச வந்ததில்ல, அதை விடுங்க, பாட்டு நல்ல பாட்டு. முதல் தரம் போட்டப்ப 18 தடவையோட நிண்டிட்டு, அவர் உயிரோட இருந்த காலத்தில திரும்ப ஏறல்ல.

அதுல ரெண்டு கூட்டாளிமாரும் சேர்ந்து பாடுற ஒரு பாட்டு இருக்கு, அதைத்தான் தேடணும். காருசோவும் மாரியோ அன்கோனாவும் 1907ல இத்தாலியன்ல பாடின தட்டு விக்டர்ல வந்தது. ஜூசி பியோர்லிங்கும் ரொபர்ட் மெரிலும் 1950கள்ட தொடக்கத்தில பிரெஞ்சில பாடினது இன்னும் பேர்போனது, எல்பியில சாதாரணமாக் கிடைக்கும், விலையும் கூடாது. நம்ம நாட்டுப் பேர் வாற ஓபரா எண்டு ஒரு ஆசைக்கு இதை வச்சிருக்கலாம்.

இதோட இன்னொரு பேரையும் குறிச்சு வைங்க, ஹியூபர்ட் ராஜபக்ஷ. ஜோன் த சில்வாட நூர்த்தி எண்ட சிங்கள இசை நாடகத்தில 1903ல வந்த ‘தன்னோ புதுங்கே’ பாட்டை மேற்கத்திய குரல் பாணியில பாடித் தட்டுப் போட்டவர். 2016 சுதந்திர தினத்தில கிஷானி ஜயசிங்க அதே பாட்டை ஓபரா முறையில பாடினப்ப நாடே ரெண்டாகிச் சண்டை பிடிச்சது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விதமாப் பாடுறது புதுசில்ல எண்டு காட்டப் பழைய தட்டு ஒண்டே போதுமாயிருந்தது. இலங்கையில தேடுறாக்கள் காருசோவை விட இதைத்தான் தேடுறாங்க.

எல்பி ஓபரா பெட்டிகள் எடுக்கலாமா?
– வாசகர், சம்மாந்துறை

கேக்கிறதுக்கு எண்டா தாராளமா. முழு ஓபரா, கூடவே பாட்டு வரியோட புத்தகம், பழைய விலைக்கு. சேகரிக்க எண்டா 1950கள்ட கடைசி, 1960கள்ட தொடக்கத்து இங்கிலாந்து ஸ்டீரியோ முதல் அச்சு (கம்பனிப் பேரும் நம்பருக்கு முன்னால வாற எழுத்தும் சொல்றன்): டெக்கா எஸ்எக்ஸ்எல், வெள்ளையும் தங்கமும் லேபல் போட்ட எச்எம்வி ஏஎஸ்டி, நீலமும் வெள்ளியும் லேபல் போட்ட கொலம்பியா எஸ்ஏஎக்ஸ். அதே பாட்டு பிறகு வந்த லேபல்ல இருந்தா விலை பாதி கூட வராது. மரியா கல்லாஸ் எண்ட பாடகி 1953ல மிலான்ல பாடின தோஸ்கா ஓபரா நல்லதுகளுக்குள்ள நல்லது, ஆனா அதைத் திரும்பத் திரும்ப அச்சடிச்சிருக்காங்க, பேரை மட்டும் பாத்துக் காசை எண்ணாதீங்க.

சும்மா ஒரு தகவல்: 78 எண்டாலே தாத்தா காலம் எண்டு நினைக்காதீங்க. இந்தியாவில பீட்டில்ஸ் பாட்டையே 1960கள்ல 78 தட்டில போட்டாங்க, அது ஒண்டு அம்பிட்டா சாக்கில இருக்கிற காருசோ முழுக்கச் சேர்ந்தாலும் அதுட விலைக்கு வராது.

பழைய தட்டைச் சுடுதண்ணியில போட்டு மடிச்சுப் பூச்சாடி செய்யிற வீடியோ பாத்தன். வீட்டில கிடக்கிறதில செய்யலாமா அங்கிள்?
– வாசகி, ஓட்டமாவடி

தட்டுட லேபல், நம்பர் ரெண்டையும் முதல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. நான் பதில் போட மட்டும் அடுப்பை நூத்து வைங்க.

அப்பாட பழைய தட்டுகளை கனடாவில இருக்கிற அண்ணனுக்கு அனுப்பணும். உடையாம எப்பிடிக் கட்டுறது?
– வாசகர், தம்பிலுவில்

விலை கூடின தட்டு எண்டா ஆர்ட கையிலயாச்சும் குடுத்து விடுங்க, அதுவும் கைப்பையில. தபால்லதான் எண்டா தட்டு ஒவ்வொண்டையும் உறையில போட்டு, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில அதே அளவுக்கு வெட்டின கடதாசி மட்டை ஒண்டு வைங்க. நாலைஞ்சு தட்டுக்கு மேல ஒரு கட்டில சேர்க்காதீங்க. கட்டை ரெண்டு தடிச்ச மட்டைக்கு நடுவில வச்சு டேப் ஒட்டுங்க, தட்டு உள்ளுக்கு அசையக் கூடாது, ஆனா நெரிக்கவும் கூடாது. மறுகா அதை விட நாலு பக்கமும் மூணு விரல் பெரிய பெட்டிக்குள்ள வச்சு, இடைவெளி முழுக்கக் கசக்கின பேப்பர் இறுக்கி அடைச்சு, பெட்டியைத் தூக்கி ஒருக்கா குலுக்கிப் பாருங்க. உள்ளுக்குச் சின்னச் சத்தம் கேட்டாலும் திரும்பத் திறந்து அடைங்க. மேல ‘கண்ணாடி’ எண்டு எழுதுங்க, றெக்கோட் எண்டு எழுதினா தூக்கிறவங்களுக்கு உடையிற சாமான் எண்டு விளங்காது.